சத்தம் போடாத கமரா

என்னுடைய கமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறபடியால்தான் கலியாண ஓடர் குறைகிறது என்று இரண்டு மாதம் முழுசாக நம்பினவன் நான்.

இதை வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் போன கிழமை, கலியாணப் படம் எடுக்கிற இளம் பிள்ளைகளான உங்களில் ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணை, என்ர கமரா பழசாப் போச்சுது. மிரர்லெஸ் எடுக்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டார். அவருடைய முகத்தில் இருந்த அந்த வெளிறலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் காலமை முகம் கழுவும்போது தினமும் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன். முழங்கால் சொல்வழி கேளாமல் போனதில் கலியாண வேலையை விட்டுவிட்டேன். இப்போது கிளிநொச்சியில் கடைக்குள் இருந்து அடையாள அட்டைப் படம் எடுக்கிறேன். "நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ" என்று சொல்லுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எனக்கு ஓய்வுதான்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். பழைய கமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. படம் எடுக்கிற நொடியில் அது மேலே எழும்பி விழும். 'டக்' என்று கேட்பது அதுதான். புதுசுகளில் அது இல்லை; அதனால்தான் அவற்றுக்கு மிரர்லெஸ் என்று பெயர். எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆகும்வரை அந்தக் கண்ணாடியோடு ஒரு கோபமும் இருந்ததில்லை.

அந்த வருடம் தை பிறந்தது, மாசியும் வந்தது, ஓடர் மட்டும் வரவில்லை. வழக்கமாகத் தைக்குப் பிறகு போன் கீழே வைக்க விடாது. அந்த முறை அது காலமை என்னை எழுப்புவதற்கு மட்டும் அடித்தது. போனில் பிழை சொல்லேலாது, ஓரளவு புதுப் போன். அதற்கு முந்தின வருடம் இரணைமடுக் குளக்கட்டில் ஒரு சோடியைப் படம் எடுக்க நான் பின்னால் பின்னால் போய், போனும் நானும் தண்ணிக்குள் விழுந்து, நான் மட்டும் வெளியே வந்திருந்தேன். போனும் புதுசு, நம்பரும் புதுசு. விழுந்த வருடத்திலேயே வேலை கொஞ்சம் தளர்ந்ததுதான்; அதை நாட்டு நிலைமையில் போட்டுவிட்டேன். நாட்டு நிலைமை என்பது எங்கள் தொழிலில் எதையும் கொழுவி வைக்கக்கூடிய ஒரு ஆணி.

இந்த நேரம் பார்த்து ஒரு மாப்பிள்ளைத் தம்பி கடைக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து கலியாணம் கட்ட வந்தவர். மேசையில் இருந்த என் கமராவை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், உங்களிட்ட மிரர்லெஸ் இல்லையோ?"

"இல்லைத் தம்பி. ஆனா இதில..."

"பரவாயில்லை அங்கிள். நான் பேந்து வாறன்."

அவர் பேந்து வரவில்லை. ஆனால் அவர் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் மிரர்லெஸ் தெரிந்தது. முல்லைத்தீவில் பிள்ளை பெரிசான ஒரு சாமத்திய வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் அங்கே வந்திருந்த சொந்தக்காரப் பொடியன் ஒருவன் கழுத்தில் கொழுவியிருந்தான். படம் எடுக்கக்கூட இல்லை, சும்மா கொழுவியிருந்தான். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

என் மனைவி வதனிதான் கடையில் அல்பம் கட்டுகிறவள். ஒரு மத்தியானம் அவளிடம், மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் புதுக் கமரா எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்தை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்ப கலியாண வீட்டுக்கு எதில போவியள்?"

"பஸ் இருக்குத்தானே."

"நல்லது. புதுக் கமராவைக் கழுத்தில கொழுவிக்கொண்டு, கூட்டத்துக்குள்ள தொங்கி வந்து இறங்குங்கோ. பொம்பிளை வீட்டுக்காரர் எழும்பி நிண்டு மரியாதை செய்வினம்."

"பகிடி விடாத. ஆக்கள் கமராவைப் பார்த்துத்தான் ஓடர் தருகினம்."

"எந்த ஆக்கள்?"

நான் அந்த மாப்பிள்ளைத் தம்பியைச் சொன்னேன். "வேற?" என்றாள். வேறு ஆளில்லை. ஆனால் எனக்கு அது விளங்கவில்லை. வெருட்சி பிடித்தவனுக்கு ஒரு ஆள் ஊரளவு.

வவுனியாவில் சுதன் என்று ஒரு தம்பி கமரா விற்கிறான், வாடகைக்கும் கொடுக்கிறான். என்னிடம் நல்ல மரியாதை. "அண்ணை, ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கோ. பிடிச்சா வைச்சிருங்கோ, பழசை நான் கழிச்செடுக்கிறன். ஆனா திங்கட்கிழமை முடிவு சொல்லிப்போடுங்கோ, இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருக்குது" என்றான். பிறகு அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னான். அதில் என் காதுக்குள் இறங்கியது ஒன்றுதான்.

"இதில சத்தமே வராமல் எடுக்கலாம் அண்ணை."

"சத்தமே வராதோ?"

"துப்பரவா வராது. ஆனா அப்பிடி எடுக்கேக்க மண்டபத்து லைற்றுகளுக்குக் கொஞ்சம் கவனம். சோதிச்சுப் பார்த்து..."

"ஓம் ஓம்" என்றேன். ஓம் என்ற சொல்லை நான் வீணாக்கின இடங்களை எண்ணினால் அது முதலாவதாக வரும். மாப்பிள்ளை அலங்கரித்த காரில் வருவதுபோல, நான் சத்தம் வராத கமராவோடு வந்து இறங்குவதை மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருந்த ஒரே கலியாணம் வட்டக்கச்சியில். பொம்பிளையின் தாய், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவா, பஸ்ஸில் வந்து இறங்கி ஓடர் தந்தவா.

"போன் எடுத்துப் பார்த்தனான் தம்பி. ஆரோ ஒருத்தர் தவிடோ, புண்ணாக்கோ எண்டு கேட்டவர். அதுதான் நேரில வந்தனான்."

"நம்பரை மாறி அமத்தியிருப்பியள் அக்கா."

"இருக்கும்" என்றா. பிறகு கதிரையில் நுனியில் இருந்துகொண்டு சொன்னா: "தம்பி, என்ர கலியாணப் படம் ஒண்டும் என்னட்ட இல்லை. இடம்பெயர்ந்து திரியேக்க அல்பம் போயிட்டுது. பிறகு மனுசனும் போயிட்டார். அவர் தாலி கட்டேக்க எப்பிடியிருந்தாரெண்டு எனக்கு இப்ப முகம் வருகுதில்லை. பிள்ளையின்ர தாலிகட்டுப் படம் ஒண்டு வடிவா வேணும். மிச்சம் எப்பிடி வந்தாலும் பரவாயில்லை."

இப்படி ஒரு ஓடரை நான் முன்பின் தெரியாத கமராவோடு செய்யப் போனேன். பிள்ளைகள், இதில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதுச் சாமானைச் சோதிக்க ஆயிரம் இடம் இருக்கிறது. வீட்டு முற்றத்துக் கோழி இருக்கிறது, அது திரும்பி வந்து கேட்காது. நான் தேர்ந்தெடுத்தது தாலிகட்டை.

இனி ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் நானும் எத்தனையோ கலியாணத்தில் சேர்ந்து நின்றவர்கள். மாப்பிள்ளை எழும்பித் தாலியைப் பொம்பிளையின் கழுத்தடிக்குக் கொண்டுபோனதும் ஐயர் அவருடைய கையை அப்படியே மறித்து வைப்பார். நான் மூன்று படம் எடுப்பேன். டக், டக், டக். மூன்றாவது 'டக்'குக்கு ஐயர் விரலைத் தூக்குவார், கெட்டிமேளம் முழங்கும், மாப்பிள்ளை முடிச்சுப் போடுவார். இதை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்ததில்லை. இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. ஐயர் எனக்கு முதுகு காட்டித்தான் நிற்பார். நான் எடுத்துவிட்டேனோ இல்லையோ என்று அவருக்குச் சொன்னது அந்தக் கண்ணாடிதான்.

வெள்ளிக்கிழமை காலமை, கோயில் மண்டபம். மணவறை முழுக்க நீலமும் ஊதாவுமாக லைற். பழைய கமராவைப் பழக்க தோஷத்தில் இடது தோளில் கொழுவியிருந்தேன். கையில் புதுசு. சத்தம் பூச்சியம்.

மாப்பிள்ளை எழும்பினார். தாலி கழுத்தடிக்குப் போனது. ஐயர் கையை மறித்தார். மண்டபம் அடங்கியது. நான் எடுக்கத் தொடங்கினேன். மூன்று, பத்து, இருபது. ஐயர் விடவில்லை. என் புதுக் கமராவுக்கு மனுசன் எவ்வளவு மரியாதை தருகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் எடுத்தேன். கிட்டப் போய் எடுத்தேன். குந்தி இருந்து எடுத்தேன். முழங்காலுக்கு அன்றுதான் முதல் நோவு வந்தது.

ஐயர் சொல்லி முடித்த மந்திரத்தை மறுபடி தொடங்கினார். மேளகாரர் தடியைத் தூக்கியபடி இருந்தார். மாப்பிள்ளை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார். முன்வரிசையில் பொம்பிளையின் மாமன் மணிக்கூட்டைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஐயா, நேரம் போகுது."

ஐயர் மந்திரத்தை நிற்பாட்டாமல் தலையை மட்டும் என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். ஒரு புருவம் மேலே போனது. அந்தப் புருவத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் ஒரேயடியாக வெளித்தது. மனுசன் சத்தத்துக்குக் காத்து நிற்கிறார். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கலியாணத்தை நான் மறித்து வைத்திருக்கிறேன்.

அப்போது நான் செய்ய வேண்டியது, "எடுத்தாச்சு ஐயா" என்று வாயால் சொல்வது. இரண்டு சொல். ஒரு குழந்தைப்பிள்ளைக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு. நான் நாக்கை மேலண்ணத்தில் அடித்து, "டக்" என்றேன்.

பொம்பிளை குனிந்த தலையோடு குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினா. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழன் தலைப்பாகைத் துணியால் முகத்தை மறைத்தான். ஐயர் அந்தச் சத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்கு அசல் எது, போலி எது என்று தெரியும். மாமன் எழும்பியே விட்டார். நான் தோளில் கிடந்த பழைய கமராவைக் கையால் துழாவி, கண்ணில் வைக்காமல், எங்கே பார்க்கிறது என்றும் பார்க்காமல், இடுப்போடு வைத்து மூன்று தரம் அமத்தினேன். படத்துக்கு இல்லை. சத்தத்துக்கு மட்டும்.

டக். டக். டக்.

ஐயரின் விரல் எழும்பியது. கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். பூவும் அரிசியும் பறந்தன. அதற்குள் நான் மறுபடி புதுசைத் தூக்கி, வெட்கத்தை மறைக்க இன்னும் நாற்பது ஐம்பது எடுத்தேன்.

சனம் வரிசையாக வந்து வாழ்த்தி அறுகரிசி போடத் தொடங்கிய பிறகுதான், நெற்றியில் கிடந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கமராவின் திரையைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் குறுக்கே வரி. நீல வரி, ஊதா வரி, பிறகு கறுப்பு வரி. அந்த லைற்றுகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறவை. சத்தமில்லாமல் எடுத்தால் அந்தத் துடிப்பு படத்தில் வரியாக விழும். சுதன் சொல்ல வந்ததும், நான் ஓம் போட்டு மூடியதும் இதைத்தான். கமராவில் ஒரு குறையும் இல்லை. ஒரு பொத்தானை மாற்றி, சத்தத்தோடு எடுத்திருந்தால் அருமையான படம் வந்திருக்கும்.

மிச்சக் கலியாணத்தைப் பழைய கமராவில் எடுத்தேன். அவையெல்லாம் சரி. தாலிகட்டு மட்டும் இல்லை. அந்தத் தாய் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்தேன். வரியை அழித்தால் பொம்பிளையின் மூக்கும் சேர்ந்து அழிந்தது. கறுப்பு வெள்ளையாக்கி இது ஒரு புது மாதிரிக் கலைப்படம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். படம் பதிகிற மெமரி அட்டை பழுதாகிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கடைசியில், மாப்பிள்ளை பொம்பிளையைத் திரும்ப அலங்கரித்து வெளிக்கிடுத்தி, ஐயரிடம் கையைக் காலைப் பிடித்து இன்னொரு முறை கட்டுவதுபோல நிறுத்தி எடுக்கலாம் என்றும் ஒரு திட்டம் போட்டு வதனியிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசிக்கு ஏற்கெனவே ஒரு அல்பம் துலைஞ்சு போச்சு. ரெண்டாவதைத் துலைச்சது நீங்கள்தான் எண்டு நேர சொல்லுங்கோ. அவவுக்குப் பொய்ப்படம் குடுக்காதேங்கோ."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இது ஒன்றைத்தான் நான் அப்படியே கேட்டேன். பயத்தில் மூளை நூறு வழி காட்டும். அதில் எது உங்களுடைய மானத்தைக் காப்பாற்றுகிற வழி, எது அவர்களுடைய படத்தைக் காப்பாற்றுகிற வழி என்று பிரித்துப் பாருங்கள். என்னுடைய நூறும் முதல் வகை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா படம் பார்க்க வந்தா. நான் வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினேன்.

"அக்கா, தாலிகட்டுப் படம் பிழைச்சுப் போச்சு. கமராவில பிழை இல்லை, என்னில பிழை."

அவா கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டா. "காட்டுங்கோ" என்றா. காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"பிள்ளை யன்னல் கம்பிக்குப் பின்னால நிக்கிற மாதிரிக் கிடக்குது."

"ஓம் அக்கா."

"நீங்கள் வாயால டக் எண்டது எந்தப் படத்துக்கு?"

"அது படத்துக்கில்லை அக்கா."

அவாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு பழைய கமராவின் படங்களைத் திறந்தேன், அறுகரிசியில் இருந்து காட்டுவோம் என்று. திறந்ததும் முதலில் வந்தது அந்த மூன்று. நான் அவற்றைப் பார்த்தே இருக்கவில்லை. சத்தத்துக்கு எடுத்ததை ஆர் பார்ப்பார்கள். முதலாவதில் ஐயரின் முதுகு. இரண்டாவதில் கும்பமும் அரைத் தேங்காயும். இரண்டையும் தட்டிவிட்டு மூன்றாவதையும் தட்டப் போனேன்.

"பொறுங்கோ தம்பி."

சரிந்த படம். ஒரு மூலையில் எழும்பத் தொடங்கின ஐயரின் விரல். நடுவில் மாப்பிள்ளையின் இரண்டு கை, தாலி, பொம்பிளை குனிந்தபடி சிரிக்கிறா. பின்னால், கொஞ்சம் மங்கலாக, இந்த அக்கா நிற்கிறா. அவாவின் வலது கை தன்னுடைய வெறுங் கழுத்தடியில் இருக்கிறது.

திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தா.

"நான் இப்பிடியோ நிண்டனான்?"

"ஓம் அக்கா."

"எனக்குத் தெரியாது." திரையைத் தொடப்போன விரலைத் தொடாமல் எடுத்தா. "இதைத்தான் பெருசாக்கித் தாங்கோ. நிமித்த வேண்டாம். சரிஞ்சபடியே கிடக்கட்டும்."

அந்தப் படத்துக்கு நான் பெருமை கொண்டாட ஏலாது. எடுத்தது என் இடுப்பு. ஆனால் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. புதுக் கமரா வாங்குகிறதா என்று யோசிக்கும்போது, உங்கள் பழைய கமராவால் நீங்கள் தவறவிட்ட மூன்று படத்தைச் சொல்லிப் பாருங்கள். இருட்டில் பிடிக்காமல் போனது, ஓடுகிற பிள்ளையை விட்டது, இப்படி. சொல்ல முடிந்தால் வாங்குங்கள், தயங்க வேண்டாம். படத்துக்குப் பதிலாக, புதுக் கமரா வாங்கின ஆட்களுடைய பெயர்தான் வாயில் வருகிறதென்றால், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுங்கள். நானும் பிறகு வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து, பழசின் ஷட்டர் செத்த பிறகு. கண் மங்கின எனக்குப் பதிலாக அது தானே ஆட்களின் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது, நல்ல சாமான். அதிலும் சத்தம் வரும்படி வைத்துத்தான் கலியாணம் எடுத்தேன். முதல் நாள் ஐயரிடம் காட்டி, "இதுதான் ஐயா சத்தம்" என்று கேட்கவும் பண்ணினேன். "கொஞ்சம் மெல்லிசா இருக்குது, பரவாயில்லை" என்றார்.

அந்த அக்கா வெளிக்கிடும்போது வாசலில் நின்று திரும்பினா. கையில் போன்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. அண்டைக்கு நான் நம்பரை மாறி அமத்தினதெண்டு சொன்னியள். இஞ்ச வரேக்க திரும்ப உங்கட கடைப் போர்ட்டில இருக்கிற நம்பரைப் பார்த்துப் பார்த்து அமத்தினனான். பேந்தும் தவிடுதான்."

நான் வெளியே வந்து என் கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்த்தேனோ தெரியாது. அதில் இருந்தது குளத்துக்குள் போன நம்பர்.

அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். மாங்குளத்தில் மாட்டுத்தீன் கடை வைத்திருக்கிற ஒரு ஐயா பேசினார். நல்ல மனுசன்.

"ஓ, படம் எடுக்கிற ஆள் நீங்களோ? இந்த நம்பர் எனக்குக் கிடைச்ச தையில இருந்து ஒரே கலியாண வீடு தம்பி. ரெண்டு சாமத்திய வீடும் வந்தது. நாங்கள் அது செய்யிறேல்லை எண்டு சொல்லி விட்டனான்."

திங்கட்கிழமை கமராவைக் கொண்டுபோய்ச் சுதனிடம் திருப்பிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை வதனி ஏணியைப் பிடிக்க, நான் மேலே ஏறி நம்பரை மாற்றி எழுதினேன். புதன்கிழமை காலமை போன் அடித்தது.